முகம் சுளிக்காமல் மூடியைத் திறங்கள்!

தீபாவளிக் காலை. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு. திறந்த இல்ல உபசரிப்பு. அச்சு முறுக்குத் தட்டு கூடத்தைச் சுற்றி வருகிறது. சுங்கை பட்டாணியிலிருந்து அத்தை குடும்பம் வந்தாயிற்று. வேலையிடத்துச் சீன நண்பர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது மகன் வந்து அம்மாவின் காதைக் கடிக்கிறான்: "ம்மா, தண்ணி போகல. மேல ஏறுது."

அந்த வீட்டில் உண்மையான தலைவர் யார் என்பது அடுத்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்பா, "யாரு கடைசியா போனது?" என்று விசாரணைக் கமிஷன் அமைக்கிறார். அண்ணன் கழிவறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒன்றுமே நடக்காதவன்போல் கூடத்துக்குத் திரும்புகிறான். மாமா ஒருவர் வீராவேசமாக உள்ளே நுழைந்து இன்னொரு முறை ஃப்ளஷை அழுத்துகிறார். அந்தத் தண்ணீரும் சேர்ந்து தரையில் வழிகிறது. மூவருமே ஓடிப்போனவர்கள்தான். ஓடிய திசை மட்டும் வேறு.

இந்தக் கட்டுரை நாலாவது ஆளுக்கு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டோ, ஜிப்பாக் கையை மடித்துவிட்டுக்கொண்டோ உள்ளே போகிற ஆளுக்கு. அந்த ஆள் நீங்கள்தான். "ஐயோ, நானா?" என்று பின்வாங்காதீர்கள்! தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எல்லாரும் உங்களைச் சிகரம் ஏறச் சொல்வார்கள். நான் கழிவறைக்குள் போகச் சொல்கிறேன். நம் பினாங்குக் கொடிமலைக்கு 1923-லேயே ரயில் விட்டுவிட்டார்கள். உட்கார்ந்தால் உச்சிக்குக் கொண்டுபோய் விடும். இந்த நாலடிக் கதவுக்குள் போக ரயில் கிடையாது. சொந்தக் காலில்தான் போக வேண்டும்.

முதல் வேலை: ஃப்ளஷிலிருந்து கையை எடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, சுவரோரம், சின்னத் திருகு ஒன்று இருக்கும். வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். அவ்வளவுதான், வெள்ளம் நின்றது. இனி உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தப் பீங்கானுக்குள் வராது. சொந்த வீட்டில் அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே இருபது வருடம் குடியிருக்கிறவர்கள் உண்டு. கார் டயர் மாற்றத் தெரியும், ஷேர் வாங்கி விற்கத் தெரியும், இது தெரியாது. ஏன்? பார்க்கவே கூடாத இடம் என்று யாரோ நம் தலைக்குள் எழுதிவைத்துவிட்டார்கள்.

எழுதியது யார்? ஜார்ஜ் டவுனின் பின்சந்துகளில் நடந்து பாருங்கள். 2008-ல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த நகரம் இது. வந்தவர்கள் எல்லாரும் முன்பக்கத்து அஞ்சடி நடைபாதையில் நின்று படம் எடுக்கிறார்கள். நீங்கள் பின்பக்கம் போங்கள். சில பழைய கடைவீடுகளின் பின்சுவரில், தரையை ஒட்டி, அடைத்துப் பூசிய சின்னத் துவாரங்கள் இன்னும் தெரியும். வாளிக் கழிப்பிடக் காலத்தின் தடயம் அவை. ஊர் தூங்கும் நேரத்தில் ஆட்கள் வருவார்கள்; துவாரத்தின் வழியாக நிறைந்த வாளியை இழுத்தெடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்காரர் எழுந்து வரும்போது எல்லாம் சுத்தம். சுமந்தவர் யார், அவருக்குக் குழந்தை குட்டி உண்டா என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதே இல்லை. சுமந்தவர் வருவதற்குத் தனிச் சந்து இருந்தது. முன்வாசலில் அவரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதபடி நகரமே அமைந்திருந்தது.

வாளி போய்விட்டது. அந்தப் புத்தி போகவில்லை. நம்மவர்களிடம் அதற்குச் சாதியும் துணை நின்றது. மலத்தைத் தொடுவது இன்னார் வேலை என்று ஒதுக்கிவைத்த மனம், இந்தியாவிலிருந்து வந்த கப்பலில் டிக்கெட் வாங்காமலே கூட வந்து இறங்கியது. இந்தியாவில் கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம். அப்படியும் அந்த வேலை ஒழியவில்லை. கோலார் தங்கவயலில் அதே வேலை செய்த குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் தம் வாழ்நாளையே இதற்குக் கொடுத்துப் போராடி வருகிறார். 2016-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவருக்குக் கை தட்டிவிட்டு, நம் வீட்டு அடைப்பு என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, வரப்போகிற பங்களாதேஷ் தொழிலாளிக்காகக் காத்திருப்பதில் என்ன நியாயம்? நம் வீட்டு அழுக்கு நம்முடையது. கையுறை போடுங்கள், தடித்த ரப்பர் கையுறை. பழைய துணியைத் தரையில் பரப்புங்கள். தொடங்குங்கள்!

எதிரியை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக்காரர், கழிப்பிடத்தின் கீழே பாம்புபோல் வளைந்த குழாய் ஒன்றை வைத்து அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. கீழே இருக்கும் நாற்றம் மேலே வராமல் அதுதான் தடுக்கிறது. இன்று உங்கள் வீட்டுப் பீங்கானுக்குள் இருப்பதும் அதே வளைவுதான். வெளியே ஓடும் குழாய் 4 அங்குலம். பீங்கானுக்குள் இருக்கும் வளைவோ பெரும்பாலும் அதைவிடக் குறுகல். ஆகவே பல அடைப்புகள் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், அந்த வளைவிலேயேதான் உட்கார்ந்திருக்கின்றன. பூமிக்கடியில் ஏதோ பயங்கரம் நடப்பதாகக் கற்பனை செய்துகொண்டு நடுங்கினீர்களே, அது முழங்கை நீளத்தில் இருக்கிறது!

ஹார்ட்வேர் கடைக்குப் போய், ரப்பர் கிண்ணம் வைத்த கம்பு கேளுங்கள். இரண்டு வகை உண்டு. வெறும் அரைக்கோளமாக இருப்பது சமையலறை சிங்க்குக்கு. அடியில் இன்னொரு ரப்பர் உதடு நீட்டிக்கொண்டிருப்பதுதான் கழிவறைக்கு. அந்த உதடு துவாரத்துக்குள் நுழைந்து இறுக்கிப் பிடிக்கும். தவறான வகையை வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இடித்துவிட்டு, "எனக்கு ராசி இல்லை" என்பவர்களை என்ன சொல்வது! ராசி சரியாகத்தான் இருக்கிறது, ரப்பர்தான் சரியில்லை. கிண்ணம் முழுகும் அளவு தண்ணீர் இருக்க வேண்டும். முதல் அழுத்தம் மெதுவாக, உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்படி. அதன் பிறகு கிண்ணம் விலகாமல், மேலும் கீழும் வேகமாக. எல்லாரும் பலத்தை எல்லாம் கீழே தள்ளுவதில் செலவழிக்கிறார்கள். இழுக்கும்போதுதான் அடைப்பு அசையும். அசைந்தால் தளரும், தளர்ந்தால் போகும். பதினைந்து இருபது முறை செய்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். கை வலிக்கும். வலிக்கட்டும்!

அதற்கும் மசியவில்லையா? கைப்பிடி வைத்த சுருள் கம்பி இருக்கிறது. வளைவுக்குள் விட்டுச் சுழற்றினால், தடுப்பது துணியோ தாளோ எதுவானாலும் நுனியில் சிக்கும். முட்டித் தள்ளாமல் வெளியே இழுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம், சூடான தண்ணீர் ஒரு வாளி ஆகியவையும் உதவும். கொதிக்கும் தண்ணீர் மட்டும் வேண்டாம், பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

பொடி, ஆசிட் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். அடைப்பு நீக்கிப் பொடிகள் பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. கொழுப்பையும் முடியையும் அது அரிக்கும். துணியையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றும் செய்யாது. அடைப்பு விடாத நிலையில் அந்தக் காரத் தண்ணீர் பீங்கானிலேயே தேங்கி நிற்கும். அதற்குமேல் ரப்பர் கம்பை வைத்து இடித்தால் முகத்தில் தெறிக்கும், கண் போகும். ஆசிட்டோடு குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு, காற்றோட்டமில்லாத உங்கள் குளியலறையில்! சோம்பேறிகள்தான் பாட்டிலைத் தேடுவார்கள். நீங்கள் கருவியைத் தேடுங்கள்.

சரி, தண்ணீர் போய்விட்டது. வெற்றி! ஆனால் அடுத்த மாதம் மறுபடி. அதற்கடுத்த மாதம் மறுபடி. இங்கேதான் பெரும்பாலானவர்கள் மனம் உடைந்து, "இந்த வீடே இப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தை உங்கள் வாயிலிருந்து எடுத்துக் குப்பையில் போடுங்கள். ஒருமுறை அடைத்தால் விபத்து எனலாம். திரும்பத் திரும்ப அடைத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது, காரணம் இருந்தால் கண்டுபிடிக்கலாம்.

இந்தப் பினாங்குத் தீவில் 1879-ல் ஒரு நகைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் வூ லியென் தே. பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போய் மருத்துவரானவர். 1910 டிசம்பரில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது சீன அரசு அவரை அனுப்பியது. வயது 31. கொள்ளைநோய் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்று பெரிய பெரிய மருத்துவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். இவர் இறந்துபோன பெண் ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தார். அன்றைய சீனாவில் யாரும் செய்யத் துணியாத காரியம் அது. நோய் நுரையீரலில் இருந்தது. மூச்சு வழியாக ஆளுக்கு ஆள் பரவுகிறது என்றார். பருத்தித் துணியும் பஞ்சும் வைத்து முகக்கவசம் தைத்து எல்லாரையும் கட்டச் சொன்னார். அவரைவிட மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் இறந்தார். ஏறத்தாழ அறுபதாயிரம் உயிர்களைக் குடித்த அந்த நோய், 1911 வசந்தத்துக்குள் அடங்கியது.

ஒரு கழிவறை அடைப்புக்கு ஹார்பினா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பதவியையும் புகழையும் அல்ல. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில் அவர் குனிந்து பார்த்தார். அந்தக் குனிதல் போதும் நமக்கு.

குனிந்து பாருங்கள். ஒரு பெரிய வாளித் தண்ணீரை எடுத்து, ஒரே மூச்சில் பீங்கானுக்குள் ஊற்றுங்கள். சர்ரென்று போய்விட்டதா? அப்படியானால் குழாயில் பழுதில்லை, உங்கள் ஃப்ளஷில்தான் பலமில்லை. தொட்டி மூடியைத் திறங்கள். தண்ணீர் குறியிட்ட மட்டத்துக்கு நிற்கிறதா? அடியில் இருக்கும் ரப்பர் வால்வு முழுசாகத் திறப்பதற்குள் மூடிக்கொள்கிறதா? பீங்கான் விளிம்பின் கீழ் வரிசையாக இருக்கும் துளைகளில் சுண்ணாம்புபோல் படிந்திருக்கிறதா? பழைய பல்துலக்கியும் வினிகரும் போதும். தொட்டியில் தண்ணீர் மிச்சம் பிடிக்கிறேன் என்று செங்கல் போட்டு வைத்தவர்கள் அதையும் எடுத்துவிடுங்கள். தண்ணீரின் வேகம்தான் கழிவைத் தள்ளுகிறது, வேகத்தைக் குறைத்தால் வளைவைத் தாண்டிப் பாதி வழியில் படுத்துவிடும். 2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகப் பினாங்கில் தண்ணீர் நின்றதே, அந்த நாட்களில் குவளைத் தண்ணீரில் ஒப்பேற்றிய வீடுகளுக்கு நான் சொல்வது புரியும்.

வாளித் தண்ணீரும் தயங்கித் தயங்கித்தான் இறங்குகிறதா? வளைவில் எதுவோ நிரந்தரமாகக் குடியிருக்கிறது. குழந்தை போட்ட பொம்மைக் கார், தவறி விழுந்த பல்துலக்கி, குச்சிப் பஞ்சு. தண்ணீர் போகும், தாள் மாட்டும். நீங்கள் இடித்தால் தாள் போகும், பொம்மை அப்படியே இருக்கும். மாதாமாதம் நடக்கும் நாடகத்துக்கு அதுதான் சூத்திரதாரி. சுருள் கம்பிக்கும் வராவிட்டால் பீங்கானையே கழற்றி எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்று, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இங்கே ஃப்ளஷ் அடிக்கும்போது குளியலறைத் தரைத் துவாரம் குடுகுடுவென்று சத்தம் போடுகிறதா? குளித்த தண்ணீர் பீங்கானில் ஏறுகிறதா? அப்படியென்றால் தொல்லை உங்கள் கழிவறைக்குள் இல்லை. எல்லாக் குழாயும் போய்ச் சேரும் பெரிய குழாயிலோ, காற்றுக் குழாயிலோ, வெளித் தொட்டியிலோ இருக்கிறது. தரைவீடு என்றால் வெளியே போங்கள். கான்கிரீட் மூடி போட்ட ஆய்வுக் குழி இருக்கும். கம்பியால் நெம்பித் திறங்கள். உள்ளே தளும்பி நின்றால் அடைப்பு அதற்கும் அப்பால். காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுக்கும் குழிக்கும் நடுவே. ஒரு மூடியைத் திறந்ததில் பாதி வழக்கு முடிந்துவிட்டது! வாசலில் ஆசையாக வளர்த்த மாமரத்தின் வேர் பழைய மண்குழாயின் இணைப்புக்குள் நுழைந்திருப்பதும் உண்டு.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்குத் தனி வியாதி. முற்றத்தில் ஒன்றாக இருந்த கழிப்பிடத்தை, விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாற்றும்போது மூன்றும் நாலுமாக்கி, நீண்ட வீட்டின் நடுவிலிருந்து பின்சந்துவரை குழாயை இழுக்கிறார்கள். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களின் பொதுக் கணக்கு. தரையை உயர்த்த மனமில்லாமல் குழாயைத் தட்டையாகப் படுக்கவைத்தால், அதற்குமேல் எத்தனை அழகான பழைய ஓடு பதித்தும் பயனில்லை. அங்கே வாடகைக்கு இருப்பவர்கள், உரிமையாளரிடம் "குழாயின் சரிவை அளந்து காட்டுங்கள்" என்று நிமிர்ந்து கேளுங்கள். கேட்பதற்கு என்ஜினியர் பட்டம் வேண்டியதில்லை.

தனிக் கழிவுத் தொட்டி உள்ள வீட்டுக்காரர்களே, கழிவுநீர் நிறுவனமான இன்டா வாட்டரின் கடிதம் வந்தால் அதை மேசை இழுப்பில் போடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை உறிஞ்சி எடுக்காத தொட்டி நிரம்பித்தான் தீரும். நிரம்பினால் எத்தனை ரப்பர் கம்பு வாங்கியும் பிரயோசனமில்லை. அந்தத் தொட்டிக்குள் மட்டும் யாரும் இறங்கக் கூடாது. நீங்களும் கூடாது, கூலிக்கு வந்தவரும் கூடாது. உள்ளே தேங்கும் வாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றப் போனவரும் கூடவே விழுவார். அதற்கு லாரியும் குழாயும் இருக்கின்றன.

இனி, வீட்டு மனிதர்களிடம் பேச வேண்டிய பேச்சு. அடைப்பு அகற்றுவதைவிட இதற்குத்தான் அதிக நெஞ்சுரம் வேண்டும். பாக்கெட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் ஈரத் தாள் தண்ணீரில் கரையாது. 2017-ல் லண்டன் வொயிட்சாப்பல் பகுதியின் பாதாளக் குழாயில் ஈரத் தாளும் கொழுப்பும் இறுகி, 250 மீட்டர் நீளத்துக்கு 130 டன் எடையில் கட்டி ஒன்று கிடந்தது. வாரக்கணக்கில் உடைத்தார்கள். அதன் ஒரு துண்டை மறு ஆண்டு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள், வெள்ளைக்காரனின் ரசனை தனி! நம் வீட்டில் மிஞ்சிய கறிக்குழம்பைக் கழிவறையில் கொட்டுகிறோமே, அந்த எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குழாய்ச் சுவரில் அதே வேலையைத்தான் செய்கின்றன. குழம்பைக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கழிவறையில் மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்று வையுங்கள். மாதவிடாய்ப் பஞ்சு அதற்குள்தான் போக வேண்டும். அதை வீட்டில் வாய்திறந்து சொல்ல வெட்கப்படுவதால்தான் பெண்பிள்ளைகள் யாரும் பார்க்காமல் ஃப்ளஷ் அடித்துவிடுகிறார்கள். வெட்கம் வளைவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மகளிடம் சொல்லுங்கள், மகன் இருக்கும்போதே சொல்லுங்கள். கூடையைக் காலி செய்யும் முறையை மகனுக்கும் கொடுங்கள். ரப்பர் கம்பு பிடிப்பதை இருவருக்கும் கற்றுக்கொடுங்கள். "இதெல்லாம் ஆம்பளை வேலை" என்கிற பாட்டியை அன்போடு உட்காரவைத்து, பேத்தி செய்வதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய நேரமும் வரும். அது தோல்வியே அல்ல. ஆனால் கூப்பிடும் விதம் மாற வேண்டும். "அண்ணே, அடைச்சிக்கிச்சு, சீக்கிரம் வாங்க" என்று பதறினால் அவர் சொன்னதுதான் கூலி. "அண்ணே, வாளித் தண்ணி மெதுவாத்தான் போகுது, தரைத் துவாரத்துல சத்தம் வருது, வெளிக் குழி காஞ்சு கிடக்கு" என்று சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் குரலே மாறும். வந்தவரை நாற்காலி போட்டு உட்காரவையுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன எடுத்தார் என்று காட்டச் சொல்லுங்கள். குழாயை உடைக்க வேண்டும் என்றால், முதலில் கேமரா விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கடைசிச் சவால் ஒன்று பாக்கி. மேலிருந்து கீழ்வரை எல்லா வீட்டுக்கும் ஒரே பொதுக் குழாய். கீழே அடைத்தால் மேல்வீட்டார் ஃப்ளஷ் அடிப்பது கீழ்வீட்டில் பொங்கும். இதைத் தனி ஆளாகத் தீர்க்க முடியாது. நிர்வாகக் கூட்டத்துக்குப் போக வேண்டும். நம்மவர்கள் அந்தக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் நின்று பிரமாதமாகப் பேசுவார்கள். இந்தமுறை முன்வரிசைக்குப் போங்கள். சமையலறை நாள்காட்டியில், அடைத்த ஒவ்வொரு நாளையும் நேரத்தையும் வட்டம் போட்டுக் குறித்து வையுங்கள். மேல்வீட்டுச் சீனப் பாட்டியிடமும் கீழ்வீட்டு மலாய்க் குடும்பத்திடமும் அவர்கள் வீட்டில் என்றைக்கு ஏறியது என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்று வீட்டுத் தேதிகளும் ஒத்துப்போனால், பொதுக் குழாயைக் கழுவ எந்த நிர்வாகமும் மறுக்க முடியாது. மலாய் சரளமாக வராவிட்டால் என்ன? எழுந்து நின்று, அந்த நாள்காட்டித் தாளைத் தலைவரின் மேசையில் வையுங்கள். அடுத்து எப்போது குழாய் கழுவப்போகிறீர்கள் என்று தேதி கேளுங்கள். அந்தத் தேதி கூட்டக் குறிப்பில் எழுதப்படும்வரை உட்காராதீர்கள்.